ஜூன் 12, எங்கள் வீட்டுத் திருநாள்

ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு நாள்களுக்கான ஏற்பாடு தொடங்கிவிடும். 19ஆம் தேதி ஜூன்டீன்த். அடிமை முறை முடிவுக்கு வந்ததைக் கொண்டாடும் நாள், 2021லிருந்து அமெரிக்கா முழுவதும் அரசு விடுமுறை. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், 12ஆம் தேதி, லவ்விங் தினம். இதற்கு அரசு விடுமுறை கிடையாது. நாமாக லீவு போட்டுக்கொண்டால்தான் உண்டு. வங்கி திறந்திருக்கும், தபால் வரும். ஆனால் எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இருக்கும் இடம் இதற்கும் உண்டு.

லவ்விங் என்பது ஒரு தம்பதியின் குடும்பப் பெயர். ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் லவ்விங். 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெவ்வேறு இனத்தார் திருமணம் செய்துகொள்வதை எந்த மாநிலமும் தடை செய்ய முடியாது என்றது. அன்றைக்கு அப்படித் தடைச் சட்டம் வைத்திருந்த மாநிலங்கள் 16. நான் வாழும் வர்ஜீனியாவும் அதில் ஒன்று. வழக்கே வர்ஜீனியாவின் சட்டத்தை எதிர்த்துத்தான்.

நான் திண்டுக்கல் பக்கத்துப் பெண். மேல்படிப்புக்காக வந்து, ரிச்மண்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டேன். கணவர் கறுப்பின அமெரிக்கர், பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். அவர் குடும்பம் பல தலைமுறைகளாக வர்ஜீனியாவிலேயே இருப்பது. எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். இந்த நாளை ஏன் கொண்டாடுகிறோம் என்று ஊரிலிருந்தும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தத் தம்பதியின் கதை.

ரிச்மண்டிலிருந்து வடக்கே வாஷிங்டன் போகும் வழியில் கரோலைன் கவுண்ட்டி இருக்கிறது. கவுண்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல. அதில் சென்ட்ரல் பாயிண்ட் என்று ஒரு சின்ன ஊர். வயலும் காடும்தான். வெள்ளையர், கறுப்பினத்தவர், பூர்வகுடிகள் எல்லாரும் பல காலமாக அருகருகே வாழ்ந்து, ஒருவர் நிலத்தில் ஒருவர் வேலை செய்து, கலந்து பழகிய ஊர். ரிச்சர்ட் வெள்ளைக்காரர், கட்டட வேலை செய்யும் கொத்தனார். மில்ட்ரெட் கறுப்பினமும் பூர்வகுடி வம்சமும் கலந்த குடும்பத்துப் பெண். 1958 ஜூன் 2 அன்று இருவரும் வாஷிங்டனுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அவருக்கு 24 வயது, அவளுக்கு 18. மணச் சான்றிதழைப் படுக்கையறைச் சுவரில் மாட்டி வைத்தார்கள்.

அடுத்த மாதம், நடு இரவு தாண்டி, கவுண்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஆட்களோடு வீட்டுக்குள் நுழைந்தார். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்து, பக்கத்தில் படுத்திருக்கும் இந்தப் பெண் யார் என்று ரிச்சர்டைக் கேட்டார். "நான் இவர் மனைவி" என்று பதில் சொன்னது மில்ட்ரெட்தான். சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். இங்கே அது செல்லாது என்று சொல்லி இருவரையும் கைது செய்தார் ஷெரிஃப். ரிச்சர்டை ஒரு ராத்திரி வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். மில்ட்ரெட் அப்போது கர்ப்பிணி. அவளைத்தான் அதிக நாள் சிறையில் வைத்திருந்தார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. ஒரே குற்றம் என்கிறார்கள், ஒரே சட்டம் என்கிறார்கள், ஆனால் வெள்ளைக்காரப் புருஷன் மறுநாள் வெளியே, வயிற்றுப்பிள்ளைக்காரி உள்ளே.

1959 ஜனவரியில் நீதிபதி லியான் பசீல் ஓராண்டு சிறை விதித்தார். இருவரும் வர்ஜீனியாவை விட்டுப் போய், 25 ஆண்டுகளுக்குச் சேர்ந்து திரும்பி வராமல் இருந்தால் அந்தத் தண்டனையை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். நாடு கடத்துவது போலத்தான் இது. வாஷிங்டனில் ஒண்டுக்குடித்தனமாகப் போய் இருந்தார்கள். மில்ட்ரெட்டுக்கு நகரம் பிடிக்கவில்லை. வெட்டவெளியில் ஓடி விளையாடும் ஊரில் வளர்ந்தவள் அவள், தன் பிள்ளைகளை நடைபாதை ஓரத்தில் விளையாட விடவேண்டியிருந்தது. அப்புறம் ஒரு மகன் மேல் கார் மோதியது. பெரிய காயம் இல்லை, ஆனால் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ராபர்ட் கென்னடி அப்போது அட்டர்னி ஜெனரல், நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி. அவருக்குக் கடிதம் எழுதினாள். அவர் அலுவலகம் ஏ.சி.எல்.யு. என்ற குடிமை உரிமை அமைப்பிடம் போகச் சொன்னது. அங்கிருந்து பெர்னார்ட் கோஹன், ஃபிலிப் ஹிர்ஷ்காப் என்ற இரண்டு இளம் வழக்கறிஞர்கள் வழக்கை எடுத்தார்கள்.

இவர்கள் சட்டத்தை மாற்றப் புறப்பட்டவர்கள் இல்லை என்பதுதான் என்னை இந்தக் கதையோடு கட்டிப்போடுகிறது. கூட்டத்தில் பேசியவர்கள் இல்லை, ஊர்வலம் போனவர்கள் இல்லை. ரிச்சர்ட் அதிகம் பேசவே மாட்டாராம். சொந்த ஊரில், அப்பா அம்மாவும் அக்கா தங்கைகளும் இருக்கும் இடத்தில், குடும்பமாக இருக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்த அன்று இருவரும் போகவில்லை. கோஹனிடம் ரிச்சர்ட் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "மிஸ்டர் கோஹன், நான் என் மனைவியை நேசிக்கிறேன், வர்ஜீனியாவில் அவளோடு என்னால் வாழ முடியாதது அநியாயம் என்று கோர்ட்டில் சொல்லுங்கள்."

கீழ் நீதிமன்றத்தில் பசீல் 1965ல் எழுதிய உத்தரவை இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். எல்லாம் வல்ல கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவர் பிரித்து வைத்ததே இனங்கள் கலக்கக்கூடாது என்பதைக் காட்டுகிறது என்று எழுதினார். அந்தப் பட்டியலில் தமிழச்சி எந்த நிறத்தில் வருவாள் என்று முதல் தடவை படித்தபோது தேடினேன். எதிலும் என்னை வைக்க முடியவில்லை. ஆனால் சட்டத்துக்கு அதில் குழப்பமே இருந்திருக்காது. வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டு இனத்தூய்மைச் சட்டத்துக்கு வெள்ளையர், மற்றவர் என்று இரண்டே வகைதான் முக்கியம். வேறு இன ரத்தம் ஒரு துளி இருந்தாலும் வெள்ளையர் இல்லை. ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள். போகஹாண்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழிவந்தோம் என்று பெருமைப்படும் பெரிய இடத்து வெள்ளைக் குடும்பங்கள் வர்ஜீனியாவில் உண்டு. அவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை என்று எழுதிவைத்தார்கள்.

இது கறுப்பு வெள்ளை விவகாரம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இங்குள்ள நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். ஹாம் சே நைம் என்ற சீன மாலுமி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வேறு மாநிலத்தில் மணந்துகொண்டு வர்ஜீனியாவில் வாழ்ந்தார். அந்தத் திருமணமே செல்லாது என்று 1955ல் வர்ஜீனியாவின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. லவ்விங் வழக்கைத் தோற்கடிக்க வர்ஜீனியா பிற்பாடு இந்தத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டது. இந்தியர்களையும் விடவில்லை. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, அமெரிக்க ராணுவத்தில் பணி செய்தவர், குடியுரிமை கேட்டுப் போனார். சாமானியர் பேச்சு வழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று 1923ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கலிஃபோர்னியாவில் விவசாயம் செய்த பஞ்சாபி ஆண்கள் பலர் மெக்சிகப் பெண்களைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். ஊரிலிருந்து பெண்ணைக் கூட்டிவரக் குடியேற்றச் சட்டம் விடவில்லை, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்ட மாநிலச் சட்டம் விடவில்லை. கலிஃபோர்னியாவின் அந்தச் சட்டத்தை 1948லேயே அந்த மாநில நீதிமன்றம் தூக்கிவிட்டது. சென்னையில் பிறந்து, 1958ல் இந்தியாவிலிருந்து அந்த மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலன், 1963ல் ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தபோது யாரும் கதவைத் தட்டவில்லை. அந்தத் தம்பதியின் மகள் கமலா ஹாரிஸ் துணை அதிபரான கதை எல்லாருக்கும் தெரியும். சியாமளா அமெரிக்கா வந்து இறங்கியதும் மில்ட்ரெட் சிறைக்குப் போனதும் ஒரே ஆண்டு.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

2012ல் திருமணப் பதிவுக்காக கோர்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போனோம். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் கேட்டு, அதோடு இருவருடைய இனமும் கேட்டிருந்தது. எழுதாமல் விட முடியுமா என்று கணவர் கேட்டார். முடியாது, சட்டம் அப்படி என்றார் அந்த அம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. எழுதிக் கொடுத்தோம். தீர்ப்பு வந்து 45 ஆண்டு ஆன பிறகும் அந்தக் கட்டம் அந்தத் தாளில் இருந்தது. 2019ல் மூன்று ஜோடிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு கவுண்ட்டியில் கொடுத்த பட்டியலில் ஆரியர், மூர், முலாட்டோ என்றெல்லாம் தேர்ந்தெடுக்க இருந்ததாம். கால்வாசிக் கறுப்பு, அரைக்கால்வாசிக் கறுப்பு என்று மனிதரை அளக்கும் பழைய பெயர்கள்கூட அதில் உண்டு. கட்டாயமாக இனம் கேட்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் ஃபெடரல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2020ல் மாநிலம் சட்டத்தையே திருத்திவிட்டது. எங்கள் சான்றிதழை நாங்கள் சுவரில் மாட்டவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. அதன் விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிய அந்த இரண்டு சொற்கள் மட்டும் இன்றும் உறுத்துகின்றன.

ஆனால் உண்மையாக யோசித்தால், 1958ல் நாங்கள் வர்ஜீனியாவில் மணந்திருந்தால் அந்தச் சட்டம் எங்களைத் தொட்டிருக்காது. கறுப்பினத்தவரும் இந்தியரும் மணப்பதில் அதற்கு அக்கறை இல்லை. வெள்ளையரின் பக்கம் யாரும் வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அதன் கவலை. தீர்ப்பில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இதைச் சரியாகப் பிடித்தார். வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்பு மணத்தை மட்டும் இந்தச் சட்டம் தடுக்கிறது, அதுவே இது வெள்ளையர் மேலாதிக்கத்தைக் காக்கப் போட்ட சட்டம் என்று காட்டிக்கொடுக்கிறது என்று எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு.

எங்களைத் தடுத்தது வர்ஜீனியா இல்லை, என் வீடு.

என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கும் அம்மாவுக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றி, நாலு பேர் பேசி முடித்த கல்யாணம். அப்படிப்பட்ட மணங்கள் சட்டப்படி செல்லும் என்று அண்ணாதுரை ஆட்சியில் சட்டம் நிறைவேறியதும் 1967ல்தான். சாதி கேட்டு யாராவது வீட்டுக்குள் பேசினால் எழுந்து வெளியே போய்விடும் மனிதர் அப்பா. அவர்தான் தொலைபேசியில், "உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்று கேட்டார். அம்மா அழுதாள். "ஊருல கேட்டா என்னன்னுடி சொல்லட்டும்?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் பெரியப்பா மகள் ஒரு வெள்ளைக்காரரை மணந்தபோது திண்டுக்கல்லில் மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்தார்கள். மாப்பிள்ளை வேட்டி கட்டி நின்ற படம் இன்னும் பெரியப்பா வீட்டு ஹாலில் இருக்கிறது. அந்த வரவேற்பில் அப்பாவும் பந்தியில் நின்று பரிமாறியவர். இரண்டுமே வேற்று இனத்து மாப்பிள்ளைதான். ஒருவருக்கு மண்டபம், இன்னொருவருக்குக் கண்ணீர்.

இதை எழுதுவது அப்பாவைக் குறை சொல்ல இல்லை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, படிக்கிற இன்னொரு அப்பனுக்கு உதவும்" என்றார். நம் வீடுகளில் நிறம் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பது நமக்கே தெரியாது. மாநிறம் என்று பொண்ணு பார்க்க வருபவர்களிடம் சொல்லி வைப்பதும், வெயிலில் விளையாடாதே கறுத்துப்போவாய் என்று பெண்பிள்ளையை உள்ளே கூப்பிடுவதும், பிறந்த குழந்தையின் காதோரத்தைப் பார்த்து நிறம் கணிப்பதும் எல்லாரும் செய்வதுதான். சாதியை எதிர்த்து நின்ற வீட்டிலும் இது இருந்தது. ஏனென்றால் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை.

கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. மாமியார் மடியில் துணியோடு உட்கார்ந்து என் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தார். யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டு தைத்தது. இப்போதும் அந்தப் புடவையை எடுத்தால் அந்தத் தையலைத் தடவிப் பார்ப்பேன்.

மகள் பிறந்த பிறகுதான் அப்பாவும் அம்மாவும் விசா எடுத்து வந்தார்கள். குழந்தையைப் பார்த்த நிமிடமே எல்லாம் கரைந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. அம்மா கரைந்தாள். அப்பா பேரக்குழந்தையைக் கொஞ்சுவார், மாப்பிள்ளையிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுவார், அதோடு சரி. அவரை மாற்றியது என் மாமியார்.

மாமியார் வளர்ந்தது வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டியில். ஒரு சாயங்காலம் வாசல் வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்று அப்பா சாதாரணமாகக் கேட்டார். வாத்தியார் கேட்கும் கேள்விதான். அவர் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் உட்கார வைக்கவேண்டும் என்று கோர்ட் உத்தரவு வந்தபோது, அந்தக் கவுண்ட்டி தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது. 1959ல் மூடியது, 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் பள்ளி ஏற்பாடானது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. மாமியாரைக் கொஞ்ச நாள் கழித்து வட கரோலைனாவில் ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அவருடைய அண்ணனை அனுப்ப முடியவில்லை. அவர் புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் அப்புறம் பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை.

அப்பா பள்ளி ஆங்கிலத்தில் மறுபடி மறுபடி கேட்டார். ஐந்து வருஷமா? எல்லாப் பள்ளியுமா? வாத்தியார்கள் என்ன ஆனார்கள்? ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை திரும்பி வரும்போது எந்த வகுப்பில் உட்காரும்? வாழ்நாள் முழுக்க, பள்ளிக்கு வராமல் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ப் பெற்றோரிடம் கெஞ்சிக் கூட்டிவந்த மனிதர் அவர். பிள்ளைகள் சேர்ந்து உட்காரக்கூடாது என்பதற்காக ஒரு அரசாங்கமே பள்ளிக்குப் பூட்டுப் போட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க அம்மா பெரிய மனுஷி" என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்கும் முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு அப்பாவிடம் லவ்விங் வழக்கைச் சொல்வது எளிதாக இருந்தது. மில்ட்ரெட் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஆண்டும் மாமியாரின் பள்ளி மூடப்பட்ட ஆண்டும் ஒன்றுதான், 1959. ஒரே மாநிலம், ஒரே பிடிவாதம். பள்ளியில் சேர்ந்து உட்கார்ந்தால் நாளைக்குக் கல்யாணம் வரை போகும் என்ற பயம் இந்த இரண்டுக்கும் அடியில் இருந்தது.

எங்கள் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டு வளர்கிறார்கள். எந்த வயதில் எவ்வளவு சொல்வது என்று எனக்கும் கணவருக்கும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொல்லிவிடவேண்டும் என்பது அவர் கட்சி. கறுப்பினப் பையனுக்குப் போலீஸ்காரரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தாகவேண்டும், அது அவர் வளர்ந்த வீட்டின் பாடம். எனக்கு அந்தப் பாடம் தெரியாது, கற்றுக்கொண்டேன். மகனோடு நான் தனியாகப் பூங்காவுக்குப் போனால், இந்தப் பையன் உங்களுடையவனா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன். விளக்கம் தருவதில்லை. மகளுடைய பள்ளிப் படிவம் ஒன்றில் ஒரே ஒரு இனத்தைத்தான் குறிக்க முடிந்தது. திருப்பி அனுப்பினோம், மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2000ல்தான் முதன்முதலில் இடம் கொடுத்தது. 2020ல் அப்படிக் குறிக்கப்பட்டவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர், நூற்றுக்குப் பத்துப் பேர். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகளின் தலைமுடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுருள் சுருளாக, அடர்த்தியாக, அவள் பாட்டியின் முடி. திண்டுக்கல் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துச் சீவி இரட்டைச் சடை போட முயன்றபோது குழந்தை வீறிட்டது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். உலர்ந்த முடியில் சீப்பு வைக்கக்கூடாது. ஈரத்தில், கண்டிஷனர் போட்டு, நுனியிலிருந்து மேலே போகவேண்டும், பகுதி பகுதியாகப் பிரித்து. கடைசியில் ஷியா வெண்ணெய். ராத்திரி சாட்டின் துணி கட்டித்தான் தூங்கவேண்டும், பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் இதற்கே போகும். அம்மா இப்போது வீடியோ காலில் "நுனியில இருந்து சீவுடி, வேர்ல இருந்து இழுக்காத" என்று எனக்குச் சொல்கிறாள். இரண்டு பாட்டிகளுக்கும் பொது மொழி கிடையாது, ஆனால் இந்தத் தலைமுடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

இந்த நாளைத் தொடங்கி வைத்தவர் கென் டனாபே. அப்பா ஜப்பானியர், அம்மா பெல்ஜியத்துக்காரர். நியூயார்க்கில் டிசைன் படித்த மாணவர். லவ்விங் வழக்கைப் பற்றித் தானே இத்தனை நாள் அறியாமல் இருந்தோமே என்ற ஆதங்கத்தில், 2004ல் தன் இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்தார். குடும்பங்கள் ஜூன் 12 அன்று கூடிச் சாப்பிட்டுக் கதை பேசவேண்டும் என்பதுதான் யோசனை. இதற்குச் சடங்கு கிடையாது, நல்ல நேரம் கிடையாது, இன்னதுதான் செய்யவேண்டும் என்ற விதி கிடையாது. எனக்கு இது பெரிய ஆறுதல். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கணவர் விருந்தாளி, அவர் குடும்பத்து ஒன்றுகூடலில் நான் விருந்தாளி. எவ்வளவு அன்பாக நடத்தினாலும் விருந்தாளிதான். ஜூன் 12ல் எங்கள் நாலு பேரில் யாரும் விருந்தாளி இல்லை.

காலையில் ரிச்மண்டில் பிராட் தெருவுக்குப் போவோம். லவ்விங் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன மாநில நீதிமன்றம் அந்தக் காலத்தில் இயங்கிய கட்டடத்தின் முன்னால், 2017ல், தீர்ப்பின் 50ஆம் ஆண்டில் ஒரு வரலாற்றுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை மாறி மாறி வாசிப்பார்கள். ஓராண்டு சென்ட்ரல் பாயிண்ட் வரை கார் எடுத்துப் போய்வந்தோம். தீர்ப்புக்குப் பிறகு அந்த ஊரிலேயே ரிச்சர்ட் தன் கையால் வீடு கட்டினார். அதில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது எட்டு ஆண்டுதான். 1975ல் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதி ரிச்சர்ட் இறந்துபோனார், மில்ட்ரெட்டுக்கு ஒரு கண் போனது. மறுமணம் செய்யாமல் அதே ஊரில் இருந்து 2008ல் இறந்தார். இதைச் சொன்னபோது அப்பா காருக்குள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அவங்க கேட்டது அந்த ஊரைத்தானே, அதாவது கெடச்சுதே" என்றார்.

பிற்பகலில் கொல்லைப்புறத்தில் சமையல். கணவரின் பெரியப்பா அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் எலுமிச்சைச் சாதம் கிளறுவேன். தெருவில் இருக்கும் கொரிய-மெக்சிகக் குடும்பமும், என்னோடு வேலை செய்யும் ஒரு மலையாளிப் பெண்ணும் அவள் வெள்ளைக்காரக் கணவரும் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவரவர் வீட்டில் யார் யாரை எப்படிச் சந்தித்தார்கள் என்று ஒருவராவது சொல்லவேண்டும், இது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். போன தடவை மாமியார் பேசினார். தன் மகன் ஒரு இந்தியப் பெண்ணைக் காதலிக்கிறேன் என்று வந்து சொன்னபோது தனக்கும் பயமாக இருந்தது என்றார். அவர்கள் வீட்டில் என் பிள்ளையை மதிப்பார்களா என்பதுதான் அந்தப் பயம். எனக்கு அது புதுச் செய்தி. எங்கள் வீட்டு எதிர்ப்பைப் பற்றியே நான் நினைத்துக்கொண்டிருந்த நாள்களில், மாப்பிள்ளை வீட்டில் ஒரு தாய் இந்தப் பயத்தோடுதான் என் புடவைக்கு ஃபால்ஸ் தைத்திருக்கிறார்.

இந்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்கள். பேசும் முறை அப்பாவுடையது. ஆங்கிலத்தில் எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டார், அப்புறம் மனசு மாறி, தமிழில்தான் பேசுவேன், பேத்தி மொழிபெயர்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். மகள் இப்போதே அவரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரிச்மண்ட் பக்கம் இருப்பவர்கள், இப்படிக் கலந்த குடும்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வர விருப்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முகவரி அனுப்புகிறேன். மூன்று மணிக்குத் தொடங்கும். மழை வந்தால் கராஜில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். மடக்கு நாற்காலி இருந்தால் மட்டும் கையோடு கொண்டுவாருங்கள், எங்களிடம் போதாது.